ஸ்பிரிட் காயும் வரை

காலை ஆறரை. வெறும் வயிறுகளின் வரிசை
ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டி நிற்கிறது.
யாரோ தவறவிட்ட நம்பர்த் துண்டை
வாசலில் ஒரு புள்ளிமான் மெல்லுகிறது.

'நோகாது' என்று சொல்வதை
மூன்று வருடத்துக்கு முன் விட்டுவிட்டேன்.
விடவைத்தவள் நிவாஷினி, அப்போது ஆறு வயது.
மாதாமாதம் இரத்தம் ஏற்ற வருகிறவள்.
"இடது கைக்காரர் இண்டைக்குக் கோவம்" என்பாள்,
"நீங்கள் பொய் சொன்னா அவர் ஒளிச்சிடுவார்."

இப்போது சொல்வது: நோகும்.
நுளம்பைவிடக் கூட,
தேளைவிட எவ்வளவோ குறைய.

ஸ்பிரிட் காயவேண்டும்.
ஈரத்தோடு குத்தினால் எரியும்; அது எல்லோருக்கும் தெரியும்,
எண்பது பேர் நிற்கையில் ஒருவருக்கும் ஞாபகம் வராது.
நான் பத்து எண்ணுவேன்.
அதற்குள் எந்த பஸ், என்ன கறி என்று கேட்பேன்.
கந்தளாய் சோமாவதி அம்மாவிடம் கேட்க
என் சிங்களம் போதவில்லை.
'ரிதெனவாத' என்பதை
முகத்தைச் சுளித்துக் காட்டி
அவதான் சொல்லித் தந்தா.

குளிர்ந்த கைகளுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல்.
"கன்னியாவில எத்தனையாம் கிணறு, மிஸ்?"
"நாலாவது."
சூடு பட, ஒளித்திருந்த நரம்பு
மெல்ல எழும்பி வரும்.

கிண்ணியா லாபிர் நானா
ஆறு பாகம் ஆழத்தில் சங்கு பொறுக்குகிறவர்.
ஊசியைக் கண்டதும் மூச்சைப் பிடித்தார்,
கை கல்லாகிவிட்டது.
"மூச்சை விடுங்க நானா."
"அடியில விட்டா முடிஞ்சுது, தங்கச்சி."
"அப்ப மேல வாங்க."
சிரித்தார்.
அந்தச் சிரிப்பு வெளியேறுவதற்குள்
ஊசி உள்ளே போயிருந்தது.

எல்லா நாளும் இப்படியில்லை.
நேற்று ஒரு கிழவருக்கு மூன்று தரம் குத்தினேன்.
நீலம் பாரித்த அவருடைய முழங்கை மடிப்பு
இரவு என் சோற்றுக் கோப்பைக்குள் கிடந்தது.
இனி இரண்டு தரம்தான்; அதற்குமேல்
வெட்கத்தை விழுங்கி
தர்மகுலனைக் கூப்பிடுவேன்.

வண்ணத்துப்பூச்சி ஊசி மூன்றுதான் மிச்சம்.
'அடுத்த கிழமை' என்கிறது ஸ்டோர், போன கிழமையைப் போலவே.
மூன்றும் லாச்சியில் இருக்கின்றன,
யாருக்கென்று எழுதவில்லை.
நிவாஷினிக்கு வியாழக்கிழமை கிளினிக்.

கதவில் ஒருவர், வெறுங்கையோடு.
"துண்டை மான் திண்டிட்டுது, மிஸ்."

தெரியும். இருங்க.
இது காயட்டும்.