நாலு விரல் அகலம்

இரண்டாம் குறுக்குத் தெருவில் பெல்ட் கடை எனக்கு.
மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வந்தான் டெரன்ஸ்,
ஹோட்டல் கலியாணங்களில் பைப் ஊதுகிறவன்.
நாலு விரல் அகலம் வேண்டும், கறுப்பு, வெள்ளிப் பூட்டு.

சாரத்துக்கோ என்றேன்.
கில்ட்டுக்கு என்றான்.
அது தன் வாரிலேயே இடுப்பில் நிற்குமாம்,
பெல்ட் சும்மா.

சும்மாவுக்கு நாலாயிரத்தைந்நூறு!

கண்ணாடிக்கு முன் வயிற்றை எக்கி
மூன்றாம் ஓட்டையில் மாட்டினான்.
நேராகிவிட்டது முதுகு.

எனக்கோ
மருதானைச் சந்தியில் ஓர் இரவு.
பெல்ட்டைக் கழற்று என்றது டோர்ச் வெளிச்சம்.
ஒரு கையில் அடையாள அட்டை,
மறு கையில் சாரம்.
இரண்டையும் உயர்த்தச் சொன்னபோது
எதை விடுவதென்று தெரியாமல் நின்றேன்.

எதற்கும்
இன்னொரு ஓட்டை போட்டுத் தாறன், தம்பி.