பதினேழு

உப்பனாறு கடலில் கலக்கும் முன்
சற்றே அகன்று தயங்குமிடத்தில் கொறட்டித் திட்டு.
வரைபடத்தில் பெயரில்லை.
மூன்று ஏக்கர் மணல், இராவணன் மீசைப் புல்,
தானே புயல் தின்றது போக
மிச்சம் நிற்கும் ஏழு சவுக்கு.
தென்மேற்குக் காற்றில் சிப்காட் நாறும்,
வாடைக்குத் துறைமுகத்துக் கருவாடு.

அஞ்சப்புலி படகை மணலில் ஏற்ற மாட்டார்.
முழங்கால் நீரிலேயே நிறுத்திவிடுவார்.
"நீங்க எண்ணிட்டு வாங்க.
எனக்கு ஒம்பது விரல்தான் மிச்சம்."
பத்தாவது இங்கேதான் போனது,
வலை உலர்த்த வந்த ஒரு மாசியில்.

ஷமீமா பரங்கிப்பேட்டைக்காரி.
இடுக்கி, தராசு, பிளாஸ்டிக் குழாய்,
ஓ.டி. கடைத்தெருவில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய
சிவப்பு நகப்பூச்சு.
பிடிபடும் ஒவ்வொரு சுருட்டை விரியனுக்கும்
வாலடியில் எண் வைப்பாள்:
கோடு என்றால் பத்து, புள்ளி என்றால் ஒன்று.
நான் டார்ச் பிடித்து நோட்டில் எழுதுவேன்.
சிப்காட்டில் பீப்பாய்க்கு எண் போட்ட கை,
பழக்கம்தான்.

சுருட்டை கண்ணுக்கு முதலில் அகப்படாது.
காய்ந்த வாணலியில் நீர் தெளித்த மாதிரி
செதிலோடு செதில் உரசும் இரைச்சல்,
அதுதான் முதலில்.
கிட்டே வராதே என்பதை
இவ்வளவு மரியாதையாக
என் பழைய சூப்பர்வைசர் ஒருநாளும் சொன்னதில்லை.

போன தையில் நாற்பத்தொன்று.
சித்திரையில் இருபத்தாறு.
நடுவில் யாரோ புல்லுக்குத் தீ வைத்திருந்தார்கள்.
உல்லாசப் படகுத்துறைக்கு அளக்க வந்தவர்கள் என்றார்கள்,
பயந்துபோன பிள்ளைகள் என்றார்கள்.
கேட்டால் எல்லாருமே கையை விரித்தார்கள்.

ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்:
"கடிச்சா சாவு. அதைக் காப்பாத்த கவர்மெண்டு காசா?"
ஷமீமா பதிலோடுதான் வந்திருந்தாள்.
எலி, விஷமுறிவு மருந்து என்று
நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.
தாளை மடித்துவிட்டு,
"தீ வச்சா ஓட அதுக்கு வேற இடமில்லைங்க" என்றாள்.
கூட்டம் சிரித்தது.
அஞ்சப்புலி சிரிக்கவில்லை,
தலையாட்டவும் இல்லை.

நேற்றிரவு புரட்டாசிப் புழுக்கம்.
மூன்று மணி நேரம் தேடினோம்.
நண்டு வளை, ஒற்றைச் செருப்பு, பிராந்திப் புட்டி.
படகிலிருந்து குரல் வந்தது:
"இடப்பக்கம். அடம்பங்கொடிக்குள்ள. இரையுது பாருங்க."
எங்களுக்கு அலை மட்டுமே கேட்டது.

போனோம். பாம்பில்லை.
கொடியில் சிக்கிக் கிடந்தது சட்டை,
அவசரத்தில் கழற்றிய காலுறை போல
உள்பக்கம் வெளியே புரண்டு.
வெளிச்சத்தில் பிடித்தால்
தோலின் மறுபுறமிருந்து தெரிந்தது
சிவப்பில் ஒரு கோடு, ஏழு புள்ளி.

பதினேழு. சித்திரையில் சினையாக இருந்தவள்.

படிவத்தில் இரண்டே கட்டம்:
கண்டது, காணாதது.
எண்ணைக் கழற்றிப் போட்டுவிட்டுப்
போனவளை எதில் எழுத?
ஷமீமா பென்சில் முனையைக் கடித்துக்கொண்டே நின்றாள்.

அப்போது அந்த இரைச்சல்.
ஒன்றல்ல.
மெலிசாக, எண்ணெயில் மூன்று நான்கு கடுகு
முந்திப் பொரிவது போல,
என் வலது காலுக்கு மிக அருகே.
தூக்கிய காலை
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"எத்தனை?" என்றார் அஞ்சப்புலி.
குரல் கிட்டே கேட்டது.
படகை விட்டு இறங்கி
ஈர மணல் வரை வந்திருந்தார்.

"தெரியலண்ணே. குட்டிங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "பாத்து வாங்க" என்றார்,
"மிதிச்சிடப் போறீங்க."