சரிவின் அடி

கரூ மேட்டுநிலத்தில் ஜூலை.
ஆடுகள் ஒன்றன் வயிற்றில் ஒன்று
முகம் புதைத்துக் கிடக்கும் குளிர்.
குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு
டோர்த்தியா பிளாய்க்கீஸ் முதலில் செய்வது
விண்மீனை மங்கலாக்குவது.

கூர்மையாக வைத்தால்
ஒளி ஒரே புள்ளியில் குவிந்து
கேமராவை நிரப்பி வழிந்துவிடும்.
குவியத்தைச் சற்றே விலக்கினால்
நடுவில் துளையோடு வடைபோல விரியும்.
அழகில்லை. ஆனால் எண்ணலாம்.

நிமிடத்துக்கு ஒரு படம்.
ஒப்பீட்டுக்குப் பக்கத்து விண்மீன் ஒன்று.
இரண்டும் சேர்ந்து மங்கினால்
அது நம் காற்று, நம் மேகம்.
ஒன்று மட்டும் மங்கினால்
அங்கே ஏதோ குறுக்கே போகிறது.

உப்சாலாவிலிருந்து ஓர் ஆய்வு மாணவன் எழுதியிருந்தான்:
வியாழன் இரவு ஒன்று இருபதுக்குச் சரிவு தொடங்கும்,
நூறில் ஒரு பங்கு,
தயவுசெய்து தவறவிடாதீர்கள்!!
ஆச்சரியக்குறி இரண்டு.

தொடங்கிற்று, ஆறு நிமிடம் தாமதமாக.
இருட்டில் மாடிப்படியைக் காலால் துழாவுகிறவர்போல
புள்ளி புள்ளியாய் இறங்கியது கோடு.
டோர்த்தியா தேநீரை மறந்தாள்.

கோள் கடந்தால் கோட்டுக்கு ஓர் அடி உண்டு.
இறங்கும், தரை தட்டும்,
தரையிலேயே சற்று நடக்கும், பிறகு ஏறும்.
தமிழில் எழுதினால்
ப.

இது தரை தட்டவில்லை.
இரண்டு பத்துக்கு ஆப்பு முனைபோல ஒரு கூர்,
உடனே ஏற்றம்.
ஓரத்தில் உரசியபடி
ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள்.
இரண்டுமே நெருப்பு.

ஒரு கணம் தோன்றியது:
ஐந்தைந்து புள்ளிகளாகச் சேர்த்துச்
சராசரி எடுத்தால்
முனை கொஞ்சம் மழுங்கும்.
எடுத்தாள்.
மழுங்கியது.
அழித்தாள்.

பதிவேட்டில்: சரிவு உண்டு. வடிவம், கூர்.
வடக்கே எங்கோ
ஒருவன் இரண்டு வருடமாய் மனசுக்குள்
பெயர் வைத்து அழைத்துவந்த ஒன்று
காலையில் அவன் கணினியைத் திறக்கும்போது
இல்லாமல் போயிருக்கும்.
அல்ல, இருந்ததே இல்லை.
அதை எப்படிச் சொல்வது?

மின்னஞ்சலில் இரண்டு வாக்கியம் கூடுதலாய் எழுதினாள்:
மன்னிக்கவும்.
இன்றிரவு காற்று மிக நன்றாக இருந்தது.

பட்டியலில் இன்னும் நான்கு.
குவிமாடம் முனகிக்கொண்டு திரும்புகையில்
ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள்.
அடியில்
கரையாத சர்க்கரை.