பிடரி

மூன்று வாரமாக இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.
படங்களைப் பார்க்க எனக்குச் சம்பளமில்லை,
பார்க்க வருகிறவர்களின் கைகளைப் பார்க்கத்தான்.
பை, குடை, குழந்தையின் பிசுபிசுத்த விரல்.
தரையில் ஒரு மஞ்சள் கோடு.
தாண்டினால் கீச்சென்று ஒரு சத்தம்,
எலியை மிதித்ததுபோல.

முன்பு ரப்பர் பூட்ஸ் செய்த தொழிற்சாலை இது.
ஈரமான நாட்களில் சுவர் இன்னும் ரப்பர் மணக்கும்.
ரீகாவில், நவம்பரில், ஈரமில்லாத நாள் எது?

கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள்.
ஏகோன்ஸ் என்ற பையனின் இசை.
தண்டவாள உரசல், மழை,
யாரோ மறந்துபோய்
பிறகு நினைவு வந்து அழுத்தியதுபோல
ஒற்றைப் பியானோக் கட்டை.
பதினெட்டு நிமிடம். முடியும், தொடங்கும்.
முதல் வாரம் தலைவலி மாத்திரை.
இரண்டாம் வாரம் எதுவும் கேட்கவில்லை.
இப்போது பன்னிரண்டாவது நிமிடத்தில்
எனக்குத் தானாக இருமல் வருகிறது.
அதுவும் இசையில் சேர்ந்தது என்று
ஒரு மாணவி குறிப்பெடுத்துக்கொண்டு போனாள்.

வியாழன், மூன்றே முக்கால்.
டிராம் சீருடையில் ஒரு பெண்மணி.
தோளில் மழை. கையில் சீட்டு இல்லை.
"கழிப்பறை எங்கே?"
நேராகப் போய், இடது பக்கம், படியிறங்கி.
போனாள்.
அறையின் நடுவில் ஷூ சத்தம் நின்றது.

அறுபத்திரண்டு படங்கள். எல்லாம் பிடரிகள்.
சனிதா என்பவள் ஒரு குளிர்காலம் முழுக்க
டிராமில் ஏறி, முதல் இருக்கையில் உட்கார்ந்து,
ஓட்டுநரின் கண்ணாடித் தடுப்பு வழியே எடுத்தவை.
முகம் ஒன்றுகூட இல்லை.
சவரம் செய்த பிடரி, மடிப்பு விழுந்த பிடரி,
தொப்பிக்கும் கம்பளித் துண்டுக்கும் நடுவே
விரற்கடை அளவு வெளுத்த தோல்.
இப்போது சொல்கிறேனே தவிர
அதுவரை எண்ணிக்கூடப் பார்த்ததில்லை.

நாற்பத்தொன்றாம் படத்தின் முன்னால் நின்றாள்.
கோட்டைத் தாண்டினாள். எலி கத்தியது.
அவள் வலது கால்
தரையை ஓங்கி மிதித்தது,
அங்கே இல்லாத பிரேக்கை.

"இது நானா?" என்றாள்.

கேள்விகளுக்குப் பதில்களை
அட்டையில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் எனக்கு.
தொடலாமா, விலை என்ன,
இதெல்லாம் ஒரு கலையா.
இதற்கு இல்லை.

"நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.
"நான் எப்படிச் சொல்வது?
ஐம்பத்து நான்கு வருஷத்தில்
இதை நான் பார்த்ததே கிடையாது."

படத்துக்குப் பக்கத்தில் போய்
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்,
காலரை ஒரு விரலால் இறக்கிப் பிடித்தபடி,
ஊசி போடக் காத்திருப்பவள்போல.

நாற்காலியை விட்டு எழுந்தேன்.
கைகளையே பார்த்துப் பழகிய கண்,
கொஞ்ச நேரம் பிடித்தது.
படத்தில்: காதுக்குக் கீழே பயறளவு மச்சம்.
சங்கிலியில், கொக்கி இருக்க வேண்டிய இடத்தில், ஊக்கு.
நரைக்கும் சாயத்துக்கும் நடுவில்
ஆற்றங்கரைபோல ஒரு வளைவு.
அவளிடம்: மச்சம். ஊக்கு.
ஆறு மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீங்கள்தான்."

திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம்.
அழுவாளோ என்று சட்டைப் பையில் கைக்குட்டை தேடினேன்.
"அந்த ஊக்கு," என்றாள்,
"ஒரு நாளைக்கு என்று மாட்டியது."
பிறகு, "கழுத்து பரவாயில்லை."
பிறகு கூரையை நோக்கிக் கையைக் காட்டி,
"அது பதினொன்றாம் எண். கல்லறைத் தோட்டம் தாண்டி
வளையும் இடம்.
அந்த வளைவில் யாருமே பேசமாட்டார்கள்,
கவனித்திருக்கிறீர்களா?"

நானூறு தடவை கேட்டவன் நான்.
அவள் சொன்ன பிறகுதான் அது வளைந்தது.

பியானோக் கட்டை விழுந்தது.
இருமல் வரவில்லை.

அவள் கழிப்பறைக்குப் போகவே இல்லை,
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.
காலரை ஏற்றிவிடாமல் மழைக்குள் இறங்கினாள்.

ஆறு மணிக்கு விளக்குகளை அணைத்தேன்.
ஒரு கையில் சாவி.
இன்னொரு கை தானாகப் பின்னால் போய்
காலருக்கும் முடிக்கும் நடுவே
எதையோ தடவிக்கொண்டிருந்தது.
வீட்டில் இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன.
ஒன்றைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும்.
திருப்புளி எங்கே வைத்தேன்.