பார்வை: தங்கள் அஞ்சலட்டை

ஏழு வேலையை ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்,
போஸ்ட்கார்ப்.
திட்டமிடு, ஒழுங்கமை, ஆளமர்த்து, இயக்கு,
ஒருங்கிணை, அறிக்கை கொடு, வரவு செலவு போடு.
முதல் வாரம், முதல் தாள்.
மின்விசிறிச் சத்தத்தில் பாதி காதில் விழுந்து
அடைக்கலம் எழுதி வைத்திருந்தான்: போஸ்ட்கார்டு.
நோட்டைக் கடன் வாங்கிய நான்தான்
வகுப்பு முழுக்கச் சொன்னேன்.
எம்.ஏ. முடியும்வரை அவன் பெயர் அதுதான்.
வருகைப் பதிவில் மட்டும் அடைக்கலம்.

பதினொரு பேர் படித்தோம் காரைக்குடியில்.
கலெக்டர் ஆகாமல் விடுவதில்லை என்று
கழனிவாசல் டீக்கடையில்
ஒரே தட்டு பஜ்ஜியின் மேல் சத்தியம்.
ரஹ்மத்நிஷா வணிகவரியில் இருக்கிறாள்.
சிகப்பி கோலாலம்பூரில் யாருடைய கணக்கையோ பார்க்கிறாள்.
வைரவன் கோச்சிங் சென்டர் வைத்து
தான் தோற்ற தேர்வுக்கே ஆள் தயார் செய்கிறான்,
நன்றாக ஓடுகிறது.
நான் ஒன்றிய அலுவலகத்தில், மூன்றாவது மேசை.
அடைக்கலத்துக்கு நேர்முகத்தில் மூன்று முறை போயிற்று,
ஒருமுறை ஒன்றேகால் மதிப்பெண்ணில்.
புதுவயலில் அரிசி ஆலையில் எடை போடுகிறான்.

மூன்று வருடம் முன் மனுவோடு வந்தான்.
அவன் ஊர் ஊருணிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை
பிளாட் போட்டு மூடிவிட்டார்களாம்.
தவிடு ஒட்டிய முழங்கையை மேசையில் ஊன்றி
"ஏழுல இது எதுல வரும், பொன்னழகு?" என்றான்.
சிரித்தோம். ரசீது கொடுத்தேன். எண் 417.
ஒரு வாரத்தில் பார்க்கிறேன் என்று
தோழியாகச் சொல்லிவிட்டு
தக்க வழியாகத் தாசில்தாருக்கு அனுப்பினேன்.
தாசில்தார் பொதுப்பணித் துறைக்கு.
பொதுப்பணித் துறை, தங்கள் அலுவலகம் சார்ந்தது என்று
எனக்கே.
கோப்பு சுற்றிய தூரத்துக்குக் கால்வாய் வெட்டியிருந்தால்
ராமநாதபுரம் வரை தண்ணீர் போயிருக்கும்.

பிறகு அட்டைகள் வரத் தொடங்கின.
மாதம் ஒன்று, ஐம்பது பைசா.
ஐயா / அம்மா,
மனு எண் 417. நினைவூட்டு ஒன்று. கனிவுடன்.
நினைவூட்டு ஒன்பது. கனிவுடன்.
நினைவூட்டு இருபத்திரண்டு.
ற கொஞ்சம் சாய்ந்து படுத்திருக்கும்,
அதைப் பார்த்து எழுதித்தான் நான்
ஒப்பீட்டு நிர்வாகத்தில் தேறினேன்.
"யார் மேடம் இந்த ஆளு, வேலவெட்டி இல்லாதவரா?"
புதிதாக வந்த பிரிவு எழுத்தர் கேட்டாள்.
எங்க பேட்சில் முதல் மார்க் என்று
சொல்ல வாய் வந்தது.
கோப்பில் வைங்க என்றேன்.

இந்த மாத அட்டையில் மனு எண் இல்லை.

பொன்னழகு,
இருபத்து மூன்றாம் தேதி முன்னாள் மாணவர் கூட்டமாம்.
நீ பேசுகிறாய் என்று வைரவன் சொன்னான்.
நிர்வாகம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள்,
யோசித்துக்கொண்டு வா.
மதியம் தக்காளி சாதம்தான், சாப்பிடாமல் ஓடிவிடாதே.
ஆலையில் விட்டால் பின்வரிசையில் இருப்பேன்.

தபால் பிரிவு அதற்கும் வட்ட முத்திரை குத்தியிருந்தது.
பெறப்பட்டது. வரவு எண் 2206.
பதினைந்து நாளுக்குள் பதில் அனுப்புக.

இன்று பதினான்காவது நாள்.
எல்லோரும் போனபின் உட்கார்ந்து தட்டினேன்.
பொருள்: முன்னாள் மாணவர் கூட்டம் – கலந்துகொள்ளுதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் அஞ்சலட்டை, நாளிடப்படாதது.
மேற்காண் பொருள் தொடர்பாக...

அதற்குமேல் கை வரவில்லை.
எழுந்துபோய் 417ஐ எடுத்தேன்.
மனுவுக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு தாள்,
ஓரத்தில் பின் அடித்து.
மூன்று அலுவலகம் போய்வந்திருக்கிறது,
ஆறு பேர் 'கண்டேன்' என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள்,
முதல் கையெழுத்து என்னுடையது.
பின்னை யாரும் கழற்றவில்லை.

நகத்தால் நெம்பிப் பிரித்தேன்.
கால்வாய், மதகு, ஒரு புளியமரம்,
தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்று
நீல மையில் சின்னச் சின்ன அம்புகள்.
மடிப்பிலிருந்து தவிடு உதிர்ந்தது மேசையில்.

புதுவயலுக்கு இனிமேல் பஸ் இருக்கா என்று
வாட்ச்மேனிடம் கேட்டேன்.