நிறுத்தங்களுக்கான குறிகள்

ரோஸ் பெல். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்.
பேச்சைப் பகுத்தெழுதும் கேள்வி கட்டாயம் வரும்:
முற்றுப்புள்ளி கிடையாது, கேள்விக்குறி கிடையாது,
மூச்சு வாங்கினால் ஒரு புள்ளி,
நீண்டுவிட்டால் அடைப்புக்குள் விநாடிகள்.

பழகிப் பார்க்க எங்கள் வீட்டில் ஆங்கிலம் இல்லை.
சண்டை கிரியோலில், சாமி தமிழில்,
பேப்பர் பிரெஞ்சில்.
சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில்
போனைக் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்தேன்.

இரவு, காதில் ஒயரோடு:

அம்மா: உப்பு (.) போதுமா
அப்பா: ம்
அம்மா: கத்ரேசேன் கூப்பிட்டானா
(11.0)

பதினொன்று. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
நடுவில் ஒரு கரண்டி,
மஹேபூருக்குப் போகும் கடைசி பஸ்,
என் செருமல்.
ரியூனியன் போன அண்ணன் அதற்குள்
போன அன்று போட்ட சட்டையோடு
முழுசாக உட்கார்ந்திருந்தான்.

சாப்பிடும்போது எனக்கு அது கேட்கவேயில்லை.

மாதிரி விடையில் போட்டிருக்கிறது:
நிறுத்தம் என்பது தயக்கம்,
அல்லது பேச்சை மாற்றும் உத்தி.
இரண்டு மதிப்பெண்.

விளிம்பில் பென்சிலால் எழுதினேன்,
அப்பா பதில் சொல்லிவிட்டார் என்று.
அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது,
அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு
நானும்
(.)