வெண்கட்டி வட்டம்

நாற்பத்தெட்டாயிரம் என்றான் நவ்பர்,
பிறைமர் ஒரு பூச்சும் சேர்த்து.
காத்தான்குடிப் பட்டறையில் அவன் நின்ற கோலம்
சந்திரனில் இறங்கியவனைப் போல:
தலைமூடி, தோலுறை, மூச்சுக்குத் தனியாக ஒரு குழாய்.
"வளவில வெச்சு அடிக்கிறெண்டா உங்கட விருப்பம் அண்ணன்.
கடல் மண்ண மட்டும் போட்டுராதீங்க."

ஆரையம்பதிக்கு வந்து சேரும் அந்தச் சின்னத் தூரத்துக்குள்
கணக்கு முடிந்துவிட்டது.
கொம்பிறசர் வாடகை ஏழாயிரம்,
டீசல் மூன்று, முனைக்குழாய் ஒன்றரை.
மணல்?
மதில் கட்டி மிஞ்சிய ஆற்று மணல் கிணற்றடியில் கிடக்கிறது,
பூனைகளுக்கு மட்டும் பயன்பட்டு.
மிச்சம் முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு.
மிச்சம் என்ற சொல்லைப்போல் ஆளைக் கெடுக்கும் சொல்
வேறொன்றை நான் அறியேன்.

வளவு வதனியுடையது.
வீடும் அவளுடைய சீதனம்;
அதற்குள் வந்து குடியேறியவன் நான்.
ஜீப் ஒன்றுதான் எனக்கென்று.
அதையும் விற்றது அவளுடைய அண்ணன் குகதாசன்,
மச்சானுக்கெண்டபடியால்தான் இந்த விலை என்று சொல்லி.

மேலுடலைக் கழற்றி வாழைக்குப் பக்கத்தில் கவிழ்த்தேன்.
நான்கு பீப்பாய்களின் மேல் செசி,
தோலுரித்த மாடுபோல் கிடந்தது.
முகத்தைச் சுற்றி ஒரு சாரன்.
விசையை அமுக்கினேன்.

சத்தம்!
எதிர்வீட்டு நாய் முதலில் குரைத்தது, மறுகா அழுதது,
மறுகா எங்கோ போய்விட்டது.
கறள் பறந்தது. கறளுக்குள் இருந்த பச்சை பறந்தது,
பச்சைக்குள் இருந்த மஞ்சளும்.
அடியில் இரும்பு, சாம்பல் வெளிச்சமாய்,
பிறந்த குழந்தையின் நகம்போலச் சுத்தமாய்.
கையில் ஒரு தெய்வம் ஏறிவிட்டதென்றே நினைத்தேன்.

கொடியில் காய்ந்த சேலையெல்லாம் மணல்.
உலைமூடி மணல். பல்லுக்குள் மணல்.
வதனி யன்னலைச் சாத்தினாள்;
சாத்திய விதத்தில் ஒரு வசனம் இருந்தது.

இரண்டரை மணிக்கு ஆறு தீர்ந்தது.
பாதிச் செசி மிச்சம், வாடகை ஓடுகிறது,
கடல் நடக்கிற தூரத்தில்.
ஆறு உரப்பை அள்ளினேன்.
அரித்தேன், வெயிலில் காயப்போட்டேன்,
நவ்பரின் குரலையும் அதோடு சேர்த்துக் காயப்போட்டேன்.

விடிய எழும்பிப் பார்த்தால்
பின்பாதி முழுக்கச் செம்மஞ்சள்.
முகத்துவாரம் வெட்டிய நாளில்
தண்ணீர் இரண்டு நிறமாய் நிற்குமே, அப்படி:
ஆறு முடிந்த இடமும் கடல் தொடங்கிய இடமும்
கோடு கிழித்துத் தெரிந்தன.

அது போகட்டும்.
கறள் பிடிக்காத முன்பாதியில்
இன்னொரு கோடு கண்டேன்.
சத்திரசிகிச்சைத் தழும்புபோல், குறுக்காக,
பட்டி பூசி மறைத்திருந்த ஒட்டு.

நவ்பர் வந்தான். இருமிக்கொண்டே கதவைத் திறந்தேன்.
சுத்தியலால் முன்னே தட்டினான், பின்னே தட்டினான்,
காது வைத்துக் கேட்டான்.
"இது ரெண்டு ஜீப் அண்ணன்.
முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு வேறொண்டு."
சட்டைப்பையிலிருந்து வெண்கட்டி எடுத்து
ஒட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

இப்போது எவ்வளவு என்று கேட்டேன்.
ஐம்பத்தைந்து என்றான்.
பாதி வேலை நான் முடித்துவிட்டேனே?
"அந்தப் பாதிக்குத்தான் கூட."

குகதாசன் ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு வருகிறான்.
மழை வரும்போலிருக்கிறது, தகரம் போட்டு மூடவா என்றேன்.
வதனி இரண்டாந்தரம் அலசிய சேலையை உதறினாள்.
அதிலிருந்து இன்னும் கொஞ்சம் கடல் விழுந்தது.
வட்டத்தை ஒருதரம் பார்த்தாள்.

"முன்பக்கத்த மூடாதீங்க" என்றாள்.